கோலுக்குப் பின்னால் ஒரு ஆட்டோ

இல்ல சாரே, எனக்கு சொகக்கேடு ஒண்ணும் இல்ல. கை நடுங்குது, அவ்வளவுதான். காலம்பற ஒண்ணும் தின்னல்ல, அதுவும் ஒரு காரணமா இருக்கும். இந்தப் பஸ்ஸில திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன், ஆனா எனக்காக இல்ல. எங்க ஊருக்காரன் ஒருத்தன் அங்க படுத்திருக்கான். பெர்க்மான்ஸ்ணு பேரு. பந்து விளையாட்டுக்காரன். கேட்டிருக்கியளா?

கேட்டதில்லியா. செறி. நீங்க கிரிக்கெட் பாக்கப்பட்ட ஆளா இருக்கும்.

எங்க கடற்கரையில வந்து அந்தப் பேரைச் சொல்லிப் பாருங்க. வலை பின்னிட்டு இருக்கப்பட்டவன் வலையைக் கீழ போட்டுட்டு எழும்பி வருவான். கல்லடித்துறை ஆக்கும் எங்க ஊரு. களியக்காவிளையிலேருந்து கடலைப் பாத்துப் போனா கடைசி ஊரு. எங்க ஊரில ஆம்பிளைப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்த அண்ணைக்கே அவனுக்க காலைப் பிடிச்சுப் பாப்பாவ, இடங்காலா வலங்காலாண்ணு. அப்பிடி ஒரு ஊரு.

மாதா திருவிழாவுக்கு அங்க ஒரு கோப்பை உண்டு. சுத்துப்பட்ட பத்து ஊரு விளையாடும். பதினோரு வருஷமா நாங்க ஃபைனலுக்கு வரல்ல. இந்த வருஷம் வந்தோம். அந்த ஃபைனலில ஆக்கும் பெர்க்மான்ஸ் விழுந்தது. இண்ணைக்குப் பன்னிரண்டாம் நாளு. உயிரோட இருக்கான். பேசுதான். எரோணி அண்ணேனைப் பாக்கணும்ணு சொன்னானாம். எரோணிமூஸ், அது நான்தான். ஐஸ் வண்டி ஓட்டுதேன். பத்தொம்பது வருஷமா கிளப்புக்குச் செயலாளரும் நான்தான்.

உயிரோட இருக்கப்பட்ட ஆளைப் பாக்க எதுக்கு நடுங்கணும்ணு நினைப்பிய. சொல்லுதேன். நீங்க எனக்க ஊரு இல்ல, எனக்க சனம் இல்ல, அதனால உங்ககிட்ட சொல்லலாம்.

அவனுக்கு இப்ப முப்பத்தெட்டு வயசு. பதினேழு வயசில எங்க கிளப்பு பனியனைப் போட்டான். இருபத்தோரு வருஷம் சாரே. ஒன்பதாம் நம்பரை அதுக்குப் பிறவு வேற ஒருத்தன் தொட்டது இல்ல. சாயங்காலம் வள்ளத்தைக் கரையேத்தி வச்சிருக்க இடத்தில நாங்க மூணு பேரு கூடுவோம். நான், கிளீட்டஸ், மரியசிலுவை. எங்களுக்கு வேற பேச்சே கிடையாது. அவனுக்க கோல்களிலே எது பெருசுண்ணு வருஷக்கணக்கா தர்க்கம். கிளீட்டஸ் சொல்லுவான், மழையில, முட்டளவு சேத்தில நிண்ணு, போலீஸ் டீமுக்கு எதிரா அடிச்சானே அதுண்ணு. மரியசிலுவை சொல்லுவான், அப்பனை அடக்கம் செஞ்ச மறுநாள் வந்து தலையால இடிச்சுப் போட்டானே அதுண்ணு. நான் ரெண்டு பேரையும் பேச விட்டுட்டு கடைசியில சொல்லுவேன், அதெல்லாம் கோலு, அவன் செஞ்சதிலேயே பெருசு, போகாம இருந்ததுதான்லேண்ணு.

அது ஒரு கதை. அவனுக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும்போ கல்கத்தாவிலேருந்து ஒரு பெரிய கிளப்பு கூப்பிட்டுது. ரயிலு டிக்கெட்டு வந்தாச்சு, பெட்டியும் கட்டியாச்சு. அதே வாரம் எங்க திருவிழா கோப்பையில செமி. நான் அவனுக்க வீட்டு முற்றத்தில போய் நிண்ணு அழுதேன் சாரே. வெக்கமில்லாம அழுதேன். "மக்ளே, இந்த ஒரு மேட்ச் விளையாடிட்டுப் போ. கல்கத்தாவுக்கு அடுத்த வாரமும் ரயிலு உண்டு." அவன் பெட்டியைக் கீழ வச்சான். நாங்க ஜெயிச்சோம். கல்கத்தாக்காரன் பிறவு கூப்பிடல்ல. அவன் படகு எஞ்சின் பழுது பாக்கப்பட்ட பட்டறை வச்சு எங்க கூடயே இருந்துட்டான். ஊருக்காக நிண்ணான். அந்த மாதிரி பாசம் இப்ப உள்ள பிள்ளியளுக்கு இருக்குதா சொல்லுங்க.

என்ன பாக்குதிய? அவனுக்கு அதில ஒரு குறையும் கிடையாது. ஒரு நாளும் அதைப்பத்தி எனக்க கிட்ட பேசினது இல்ல.

செறி, இந்த வருஷத்துக்கு வாறேன். வயசாச்சு. முட்டு வீங்கும். அவனுக்க பெண்டாட்டி ரீத்தா ராத்திரி மணலை வறுத்துக் கிழி கட்டி ஒத்தடம் குடுப்பா. புதுசா வந்த பிள்ளியோ, பெர்க்மான்ஸ் அண்ணேன் இனி வெளியில உக்காந்து பாத்தா போதும்ணு பேச ஆரம்பிச்சாச்சு. எனக்கு அதைக் கேக்க ஆகாது. நான் சொன்னேன், இந்தக் கோப்பையை அவனுக்க கையில குடுத்துத்தான் அவனை அனுப்பணும். அதுவரைக்கும் ஒன்பதாம் நம்பரு அவனுக்குத்தான். கிளப்பில ஒருத்தனும் எதிர்த்துப் பேசல்ல.

குவார்ட்டர் ஃபைனலு ஜெயிச்ச மறுநாள், நான் ஐஸ் வண்டியோட அவனுக்க பட்டறைக்குப் போனேன். எஞ்சினைத் திறந்து போட்டுட்டு, ஸ்பானரைக் கையில பிடிச்சபடி தரையில உக்காந்திருந்தான். முகம் வெளுத்துப் போச்சு.

"என்ன மக்ளே?"

"நெஞ்சுக்குள்ள கரையில போட்ட மீனு துடிக்கப்பட்ட மாதிரி இருக்கு அண்ணேன். நேத்தும் வந்துது. கிரவுண்டில கண்ணு இருட்டிப் போச்சு."

அப்பவே தூக்கி வண்டியில போட்டு மார்த்தாண்டத்துக்குக் கொண்டு போனேன். இதை நீங்க கவனிக்கணும் சாரே. ஒரு நிமிஷம் தாமசிக்கல்ல. இருந்த ஐசு முழுக்க வழியில உருகி ஓடிச்சு, நான் திரும்பிப் பாக்கல்ல.

அங்க ஒரு டாக்டரம்மா. சின்னப் பொண்ணுதான். நெஞ்சில ஸ்கேன் கருவியை வச்சு அழுத்தி, டிவியில பாக்குதா. பாத்துட்டே இருக்கா. அவ பேசாம இருந்த அந்த நேரத்தில ஆக்கும் எனக்குப் பயம் தொடங்கிச்சு. அது இண்ணைக்கு வரைக்கும் போகல்ல.

பிறவு அவ சொன்னா. இதயத்துச் சதை தடிச்சுப் போச்சு. வேகமா ஓடினா துடிப்பு தாறுமாறாகும், அப்பிடியே நிண்ணும் போகலாம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சில ஒரு மிஷின் வைக்கணும். அதுவரைக்கும், அதுக்குப் பிறவும், ஓட்டம் கூடாது. "விளையாட்டு இண்ணையோட முடிஞ்சுதுண்ணு நினைச்சுக்கிடுங்க. வீட்டில ஆளு உண்டா? நாளைக்குக் கூட்டிட்டு வாங்க"ண்ணு சொன்னா. எனக்க முகத்தைப் பாத்து, "நீங்க அண்ணனா?"ண்ணு கேட்டா. ஆமாண்ணு சொன்னேன்.

திரும்பி வரும்போ குழித்துறை பாலம் வழி வந்தோம். பாலத்துக்க மேல வந்தப்ப, "அண்ணேன், ரீத்தாகிட்ட சொல்ல வேண்டாம். சமயம் பாத்து நானே சொல்லிக்கிடுதேன்"ண்ணான்.

நான் செறிண்ணு சொன்னேன். அவனுக்க வீட்டுக் காரியம். நான் எப்பிடி உள்ள புகுந்து பேச முடியும்?

செமிக்கு ஆறு நாளு இருந்துது.

அந்த ஆறு நாளும் நான் உறங்கல்ல. காலம்பற எழும்பின உடனே பட்டறைப் பக்கம் போவேன். சுத்தியல் சத்தம் கேட்டுதுண்ணா, மாதாவே ஸ்தோத்திரம்ணு திரும்பி வருவேன். சத்தம் கேக்கல்லண்ணா கேக்குத வரைக்கும் அங்கயே நிப்பேன். ஒரு நாளு சத்தம் இல்ல. எட்டிப் பாத்தா, அவன் சும்மா உக்காந்து டீ குடிச்சிட்டு இருக்கான். நான் சுவரைப் பிடிச்சிட்டு நிண்ணேன். "என்ன அண்ணேன், பேயைக் கண்டியளா?"ண்ணு சிரிச்சான்.

செமிக்கு முந்தின நாளு சாயங்காலம் அவன் எனக்க வீட்டுக்கு வந்தான். எனக்க வீட்டுக்காரி மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும் வச்சா. தின்னான். கையைக் கழுவிட்டு வந்து எனக்க பக்கத்தில உக்காந்து, மெதுவா சொன்னான். "அண்ணேன், நீங்க நிறுத்துண்ணு சொன்னா நான் நிறுத்திருவேன்."

பாருங்க, அந்த இடத்தில வேற ஒருத்தனா இருந்தா என்ன சொல்லியிருப்பான்? கோப்பை போச்சேண்ணு, விளையாடு மக்ளேண்ணு கெஞ்சியிருப்பான். நான் அப்பிடிச் சொல்லல்ல. "இதை எனக்க கிட்ட கேக்காத மக்ளே. ஒனக்க மனசுகிட்ட கேளு"ண்ணு சொன்னேன். நல்ல பதிலு, கொள்ளாம் இல்லியா? நான் கட்டாயப்படுத்தல்ல, கேட்டியளா. ஒரு வார்த்தை கூட விளையாடுண்ணு நான் சொல்லல்ல.

அவன் கொஞ்ச நேரம் எனக்க வாயையே பாத்துட்டு இருந்தான். இன்னும் ஏதோ சொல்லுவேன்ணு நினைச்சானோ என்னவோ. பிறவு எழும்பி, "செறி அண்ணேன், நாளைக்குப் பாப்போம்"ண்ணு போயிட்டான்.

செமியில கடைசி இருபது நிமிஷம் மட்டும் இறங்கினான். ஒண்ணும் ஆகல்ல. நாங்க ஜெயிச்சோம். அவன் சிரிச்சிட்டே வெளியில வந்தான். அண்ணைக்கு நான் நினைச்சேன், டாக்டருமாருக்கு எல்லாம் தெரியுமா? அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு இருக்கும்? எங்க ஊரில நெஞ்சடைப்பு வந்தவன் பத்துப் பேரு இப்பவும் கடலுக்குப் போறான். அப்பிடி நினைச்சா கொஞ்ச நேரம் பயம் விலகும். பிறவு திரும்பவும் வரும். பல்லு வலி மாதிரி.

ஃபைனலுக்கு நான் என்னெல்லாம் செஞ்சேன் தெரியுமா? அவனுக்குக் கழுத்தில போட மாதா படம் வச்ச ஒரு உத்தரியம் மந்திரிச்சு வாங்கினேன். தண்ணியில குளுக்கோஸ் கலந்து நானே கையில வச்சிருந்தேன். எல்லாத்துக்கும் மேல, ஒரு ஆட்டோவைக் கூப்பிட்டு, வடக்குப் பக்க கோலுக்குப் பின்னால நிப்பாட்டி வச்சேன். "எதுக்கு அண்ணேன்?"ண்ணு டிரைவரு ஜஸ்டஸ் கேட்டான். வெயிலுக்கு வயசானவங்க ஆரும் மயங்கி விழுந்தா வேணும்ணு சொன்னேன். எங்கயும் போயிராதலே, சாவி வண்டியிலயே இருக்கட்டும்ணு மூணு தடவை சொன்னேன். எனக்கு அக்கறை இல்லைண்ணு ஒருத்தனும் சொல்ல முடியாது.

எதிரு ஆளு தோமாத்துறை. எங்களுக்கும் அவியளுக்கும் ஜென்மத்துக்கும் ஆகாது. நாலு மணிக்கு விசிலு. கிரவுண்டைச் சுத்தி ரெண்டு ஊரும் நிக்கு. தென்னையில ஏறி இருக்காவ, கோயிலு மதிலில இருக்காவ. எல்லாரும் பந்தைப் பாக்காவ. நான் பந்தைப் பாக்கல்ல சாரே. அவனுக்க நெஞ்சைப் பாக்கேன். பனியன் ஏறி இறங்குதாண்ணு பாக்கேன். பந்து அவன் பக்கம் போனா, ஊரு முழுக்க "பெர்க்கு! பெர்க்கு!"ண்ணு கூவுது. நான் மட்டும் மாதாவே, அவனுக்குப் போகாண்டாம், வேற ஒருத்தனுக்குப் போகட்டும்ணு வேண்டுதேன். இருபத்தோரு வருஷத்தில அப்பிடி ஒரு நாளும் நான் வேண்டினது இல்ல.

ஹாஃப் டைமில ஒரு கோலு பிந்தி நிக்கோம். நான் பயலுவளுக்கு நடுவில போய், கோச் பெனடிக்ட்டுக்க தோளைத் தட்டினேன். சொல்லிரணும்ணுதான் போனேன். சத்தியமா சொல்லிரணும்ணுதான் போனேன். அவன் திரும்பி, "என்ன அண்ணேன்?"ண்ணு கேட்டான். அவனுக்குப் பின்னால பெர்க்மான்ஸ் நிக்கான். தண்ணியை வாயில வச்சுட்டு என்னையே பாக்கான். வாயில வச்ச தண்ணியை முழுங்கல்ல.

நான் சொன்னேன், "வெயிலு கூடுதலா இருக்கு. பயலுவளுக்குத் தண்ணி நல்லா குடுங்க."

பெனடிக்ட் தலையாட்டினான். பெர்க்மான்ஸ் தண்ணியை முழுங்கிட்டு கிரவுண்டுக்குள்ள போனான்.

ரெண்டாம் பாதியில ஒரு இருபது நிமிஷம் ஆகியிருக்கும். இடப்பக்கத்திலேருந்து ஒரு பந்து வந்துது. பெருசா ஒண்ணும் இல்ல, சாதாரணப் பந்து. அவன் நெஞ்சில வாங்கினான். அந்த நெஞ்சிலதான் சாரே. கீழ இறக்கி, ஒருத்தனைக் கழிச்சு, திரும்பி, வலங்காலால ஒரு அடி. கோல் காக்கப்பட்ட கோலி நிண்ண இடத்திலேருந்து அசையல்ல.

கோலு.

அந்தச் சத்தத்தை நான் எப்பிடிச் சொல்ல. கடலு கரை ஏறி வந்த மாதிரி. கிளீட்டஸ் எனக்க கழுத்தைக் கட்டிப் பிடிச்சு அழுதான். மரியசிலுவை வேட்டி அவுந்தது தெரியாம ஓடுதான். அந்த நேரத்தில எனக்கு டாக்டரம்மா இல்ல, டிவி இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாம் மறந்து போச்சு. நானும் கூவினேன். கையைத் தட்டினேன். அவன் எங்க பக்கமா பாத்துக் கையைத் தூக்கினான். நான் ரெண்டு கையையும் வாயில வச்சு, "இன்னொண்ணு மக்ளே! இன்னொண்ணு!"ண்ணு கத்தினேன்.

இதை நான் இதுவரைக்கும் ஒருத்தருகிட்டயும் சொல்லல்ல. அவனுக்கு அது கேட்டுதாண்ணு தெரியல்ல. அவ்வளவு கூப்பாட்டில கேட்டிருக்காது. கேட்டிருக்குமா? நீங்க என்ன நினைக்கிய?

அஞ்சு நிமிஷம் கூட ஆகல்ல. நீளமா ஒரு பந்து. வடக்குப் பக்கம் பாத்து ஓடினான். பக்கத்தில ஒருத்தன் கிடையாது. ஆரும் தட்டல்ல, ஆரும் தொடல்ல. ஓடிட்டே இருந்தவன் அப்பிடியே முகம் குப்புற விழுந்தான். கையை ஊணக்கூட இல்ல.

தோமாத்துறைக்காரன் கூவுதான், "நடிக்கான்லேய்! நடிக்கான்!"ண்ணு. எங்க ஆளுவ சிரிக்காவ, கிழவன் களைச்சுட்டான், எழும்புவான்ணு. அந்த ரெண்டாயிரம் பேருல என்ன நடந்துச்சுண்ணு தெரிஞ்ச ஒரே ஆளு நான்தான். நான் ஓடியிருக்கணும். கத்தியிருக்கணும். நிண்ணேன் சாரே. சும்மா நிண்ணேன்.

ஓடினது ஆரு தெரியுமா? தோமாத்துறை கோலி. டெனிஸ்டன்ணு பேரு, மஸ்கட்டில ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலை, லீவில வந்த பையன். அவனுக்குப் போட்ட கோலுதான் அது. அவன் அந்தப் பக்கத்திலேருந்து பாஞ்சு வந்தான். பெர்க்மான்ஸைப் புரட்டிப் போட்டு, கையுறையைக் கழத்தி எறிஞ்சுட்டு, நெஞ்சில ரெண்டு கையையும் வச்சு அழுத்த ஆரம்பிச்சான். அப்பத்தான் கூப்பாடு நிண்ணுது. ரெண்டு ஊரும் அமைதியாச்சு. அவன் எண்ணுத சத்தம் மட்டும் கேக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. "வண்டி! ஒரு வண்டி கொண்டு வாங்க!"ண்ணு கத்துதான்.

வண்டி பத்தடியில நிக்கு.

டிரைவரு ஜஸ்டஸ் மேட்ச் பாக்க மதிலில ஏறியிருந்தான். சாவி வண்டியில இருந்துது. வேற ஆரோ ஓட்டினான். டெனிஸ்டன் பின்னால உக்காந்து வழி முழுக்க நெஞ்சை அழுத்திட்டே போனானாம். ரீத்தா கோயிலு முற்றத்திலேருந்து செருப்பில்லாம ஓடி வந்தா. ஆட்டோ போயாச்சு. அவ மணலில விழுந்து எழும்பினதை நான் பாத்தேன்.

மேட்ச் அத்தோட நிண்ணு போச்சு. பக்கத்து ஆஸ்பத்திரியில ஷாக்கு குடுத்து துடிப்பைத் திருப்பிக் கொண்டு வந்து, அண்ணைக்கே திருவனந்தபுரத்துக்கு மாத்திட்டாவ. நாலு நாளு கண்ணு திறக்கல்ல. அஞ்சாம் நாளு திறந்தான். நெஞ்சில மிஷின் வச்சாச்சு. இனி ஓடமாட்டான். ஆனா இருப்பான்.

இப்பதான் சாரே எனக்க கதை தொடங்குது.

ஞாயிற்றுக்கிழமை பூசையில சாமியாரு பிரசங்கம் வைக்காரு. "அண்ணைக்கு அந்த ஆட்டோ அங்க நிக்கல்லண்ணா என்ன ஆகியிருக்கும்? எரோணிமூஸுக்க மனசில ஆட்டோவை நிப்பாட்டணும்ணு தோண வச்சது ஆரு? மாதா"ண்ணு. கோயிலு முழுக்கத் திரும்பி என்னைப் பாக்கு. ஒரு பெண்ணு வந்து எனக்க கையில முத்தம் குடுத்தா. கிளீட்டஸ் எங்க இடத்தில உக்காந்து சொல்லுதான், "இத்தினி வருஷமா எந்தக் கோலு பெருசுண்ணு அடிச்சிட்டோம். எரோணி, நீ செஞ்சதுதான்டே பெருசு"ண்ணு. கிளப்பில தீர்மானம் போட்டாச்சு. ஒன்பதாம் நம்பரை இனி ஒருத்தருக்கும் குடுக்கிறதில்ல. பெர்க்மான்ஸ் திரும்பி வந்ததும் பாராட்டு விழா. அவனுக்கு ஒரு பொன்னாடை, எனக்கு ஒரு பொன்னாடை. படம் வச்சு பிளெக்ஸ் கட்டியாச்சு. அவன் கோல் அடிச்சுட்டுக் கையைத் தூக்கின படம். ஐஸ் வண்டியில அதைத் தாண்டித்தான் தினமும் நான் போகணும். தலையைத் திருப்பிட்டுப் போவேன்.

எனக்கு என்ன பயம்ணா, ஒரு நாளு ஒருத்தன் கேப்பான். சாதாரணமா, டீ குடிச்சிட்டே கேப்பான். "அண்ணேன், இருபத்தோரு வருஷமா நிப்பாட்டாத ஆட்டோவை அண்ணைக்கு மட்டும் எதுக்கு நிப்பாட்டினிய?"ண்ணு. இதுவரைக்கும் ஒருத்தனும் கேக்கல்ல. ஒவ்வொரு ஆளா எனக்க பக்கம் வரும்போ, இவன்தான் கேக்கப் போறான்ணு நினைப்பேன். அவன் கையைக் குடுத்துட்டு, மாதா காட்டிக் குடுத்தாண்ணு சொல்லிட்டுப் போவான்.

அதனால நான் ஆஸ்பத்திரிக்கு வரல்ல. விழா வேலை இருக்குண்ணு சொன்னேன். போன வியாழக்கிழமை இதே பஸ்ஸில ஏறி பாறசாலையில இறங்கிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு நெய்யாற்றின்கரை வரைக்கும் போனேன். அங்க ஒரு டீக்கடையில ரெண்டு மணிக்கூர் உக்காந்துட்டு, எதிர்த்தாப்பில வந்த வண்டியில திரும்பிப் போனேன்.

நேத்து மத்தியானம் ரீத்தா ஃபோன் செஞ்சா. எடுக்காண்டாம்ணு பாத்தேன். நிக்காம அடிச்சுது. எடுத்தேன்.

"அண்ணேன், அவரு நல்லா பேசுதாரு. டாக்டரு அவருகிட்ட கேட்டாரு, முன்னால இது தெரியுமாண்ணு. ஆமாண்ணு சொல்லிட்டாரு. தனியா போய் ஒரு டாக்டரைப் பாத்தாராம். ஓடக்கூடாதுண்ணு அவங்க சொன்னாங்களாம். ஒருத்தருகிட்டயும் சொல்லல்லயாம். எனக்க கிட்டகூடச் சொல்லாம விளையாடியிருக்காரு அண்ணேன்."

தனியா போனானாம். ஒருத்தருகிட்டயும் சொல்லல்லயாம்.

எனக்கு என்ன தோணிச்சு தெரியுமா? உள்ளதைச் சொல்லுதேன். முதல்ல தோணினது ஒரு சுகம். அப்பாடா, தப்பிச்சேன்ணு. செத்துப் பொழைச்சு வந்தவன், கண்ணைத் திறந்த உடனே எனக்காகக் கள்ளம் சொல்லியிருக்கான். அவனுக்க வாயிலேருந்து எனக்க பேரு வராதுண்ணு தெரிஞ்சு போச்சு. நேத்துதான் இத்தனை நாளில முதல் தடவையா எனக்க கை நடுங்கல்ல.

அப்பத்தான் அவ கேட்டா. அழுதுட்டே கேட்டா. "உங்களுக்காவது தெரிஞ்சிருந்தா நீங்க விட்டிருப்பியளா அண்ணேன்?"

நான், "விட்டிருக்க மாட்டேன் மக்ளே"ண்ணு சொன்னேன்.

"எனக்குத் தெரியும். அதையேதான் நானும் அவருகிட்ட சொன்னேன்"ண்ணா. "நாளைக்கு வாங்க. உங்களைப் பாக்கணும்ணு சொல்லுதாரு. வழி தெரியாட்டி கவலைப்படாதீங்க, பஸ் நிறுத்தத்தில நான் வந்து நிக்கேன்."

இவ்வளவுதான் கதை. அவ அங்க நிப்பா. என்னைக் கண்டதும் கையைப் பிடிச்சு அழுவா. உள்ள கூட்டிட்டுப் போவா. அவன் படுத்திருப்பான். நாங்க மூணு பேரும் ஒரே அறையில. நான் சொன்னது கள்ளம்ணு அவனுக்குத் தெரியும். அவன் சொன்னது கள்ளம்ணு எனக்குத் தெரியும். நடுவில அவ ஒருத்திதான் ஒண்ணும் தெரியாம ஆரஞ்சு உரிச்சுக் குடுப்பா.

என்ன கேட்டிய? கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, பஸ்ஸில கேக்கல்ல.

அவன் வீட்டுக்கு வந்து கேட்டப்ப, நிறுத்துண்ணு சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பானாண்ணா?

ஆமா சாரே. நிறுத்தியிருப்பான். அதுக்குத்தானே வந்தான். நான் சொல்லணும்ணுதான் வந்தான். கல்கத்தாவுக்குப் போகாம நிண்ணதும் நான் சொல்லித்தானே. எனக்க பேச்சை அவன் தட்டினது கிடையாது.

இருங்க. இப்ப பாலராமபுரம் தாண்டியாச்சா? இன்னும் எவ்வளவு நேரம் இருக்கும்? முக்கால் மணிக்கூர். செறி. நேரில அவளுக்க முகத்தைப் பாத்து என்னால சொல்ல முடியாது. அவ ஓடி வந்து கையைப் பிடிச்சாண்ணா தீந்துது, பிறவு ஆயுசுக்கும் சொல்லமாட்டேன். இந்த நம்பரைக் கொஞ்சம் அடிச்சுத் தாங்க, எனக்கு விரலு நிக்கல்ல. ரீத்தாண்ணு இருக்கும். அதுதான். தாங்க.

ரீத்தா? எரோணி அண்ணேன் ஆக்கும். ஆமா மக்ளே, பஸ்ஸிலதான். வந்துட்டே இருக்கேன். சாப்பாடு ஒண்ணும் வேண்டாம். கேளு. நீ ஒரு நிமிஷம் ஒண்ணும் பேசாம கேளு. நேத்து நீ ஒரு காரியம் கேட்டல்லியா. நான் கள்ளம் சொன்னேன். அவன் தனியா போகல்ல மக்ளே. எனக்க ஐஸ் வண்டியில நானாக்கும் கூட்டிட்டுப் போனேன். டாக்டரம்மா சொன்னதை நானும் பக்கத்தில உக்காந்து கேட்டேன். ஆமா. செமிக்கு ஆறு நாளைக்கு முன்னால. ஆமா மக்ளே. எல்லாம் தெரியும். அவன் எனக்க வீட்டுக்கு வந்து கேட்டான், நிறுத்தட்டாண்ணு. நான் நிறுத்துண்ணு சொல்லல்ல. அதுக்குத்தான் ஆட்டோவை நிப்பாட்டினேன். மாதா ஒண்ணும் காட்டல்ல. எனக்குத் தெரியும், அதனால நிப்பாட்டினேன்.

ரீத்தா? இருக்கியா?

கூவினேன் மக்ளே. கையைத் தட்டினேன்.

இன்னொண்ணுண்ணு சொன்னேன்.

ரீத்தா? மக்ளே?

வச்சிட்டா.

எல்லாம் கேட்டுட்டு கடைசியில ஒரே ஒரு கேள்விதான் சாரே கேட்டா. "அவரு கோல் அடிச்சப்ப நீங்க என்ன செஞ்சிய அண்ணேன்?"ண்ணு கேட்டா. திட்டல்ல. சபிக்கல்ல. கூப்பாடு போடல்ல. திட்டியிருந்தா எனக்கு எவ்வளவோ ஆறுதலா இருந்திருக்கும். வாங்கண்ணும் சொல்லல்ல, வராண்டாம்ணும் சொல்லல்ல. பின்னால ஏதோ ஒரு நர்ஸ் கூப்பிடுத சத்தம் கேட்டுது, பிறவு ஃபோனு நிண்ணு போச்சு.

அவ இப்ப அவனுக்க கிட்ட போய்க் கேட்டிருப்பா. கேட்டா அவன் என்ன சொல்லுவான்? இந்தப் பஸ்ஸு இப்பிடி ஊர்ந்து போனா எப்பிடி சாரே. இல்ல, ஊர்ந்தே போகட்டும்.

இவ்வளவு நேரம் நான் சொன்னதை நீங்க கேட்டதே போதும் சாரே.

இதுவா? இந்தப் பெரிய கட்டடமா ஆஸ்பத்திரி? இங்கயா இறங்கணும்? கொஞ்சம் குனிஞ்சு அந்த நிறுத்தத்தைப் பாருங்க, எனக்குக் கண்ணு தெளியல்ல. குடையோட நாலஞ்சு பேரு நிக்காவ. கடைசியில ஒரு பெண்ணு, கையில ஃபோனை வச்சுட்டு. நீலச் சேலையா? முடியை முடிஞ்சு போட்டிருக்காளா?

அவதான். போகல்ல சாரே. நிக்கா.

முகம் எப்பிடி இருக்குண்ணு இங்கேருந்து தெரியல்ல. பஸ்ஸைத்தான் பாக்கா. ஒவ்வொரு ஜன்னலா பாத்துட்டு வாறா.

செறி. நான் வாறேன் சாரே.

கண்டக்டரே, ஆளு இறங்கணும்.